திரவிய விஞ்ஞானம் படித்தவருக்கு என்ன சம்பளம்?

நான் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் இரவு எங்கள் தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து உருட்டும் ரோலரின் அச்சு முறிந்துவிட்டது. வாட்டி முடித்த கொழுந்து மேல்தட்டில் ரோலருக்காகக் காத்துக்கிடந்து, விடிவதற்குள் பாழாகிப்போனது. மறுநாள் காலை, ஸ்டோர் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் மாமா முறிந்த துண்டை வாசற்படியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முறிந்த முகத்தின் பெரும்பகுதி வழவழப்பாகவும், வெட்டிய மரத்தின் வளையங்களைப் போன்ற மெல்லிய வளைகோடுகளோடும் இருந்தது. ஓரத்தில் ஒரு சிறு பகுதி மாத்திரம் உடைத்த கற்கண்டைப் போலச் சொரசொரப்பாக மின்னியது. வளைகோடுகள் அனைத்தும் ஒரே இடத்திலிருந்து, அதாவது கப்பியைப் பூட்டுவதற்காக அச்சில் வெட்டியிருந்த பள்ளத்தின் கூரான மூலையிலிருந்து, விரிந்து சென்றன. "இரும்பு களைச்சுப் போச்சுடா தம்பி" என்றார் மாமா.

அவர் சொன்னது பாடநூல் சொல்லும் உண்மைதான் என்பது பல வருடங்களுக்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் எனக்குத் தெரிந்தது. சுழலும் அச்சு ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவு வளைந்து நிமிர்கிறது. அந்த அழுத்தம் கூரான மூலையில் குவிந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பைத் தொடக்கிவிடுகிறது. வெடிப்பு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நகர்கிறது. இயந்திரம் நின்று ஓடும்போதும் சுமை மாறும்போதும் அது ஒரு கோட்டை விட்டுச் செல்கிறது. கடைசியில் மீதமிருக்கும் இரும்பு சுமையைத் தாங்க முடியாமல் ஒரே நொடியில் முறிகிறது. இதற்குக் களைப்பு முறிவு என்று பெயர். அந்த மூலையைக் கூராக விடாமல் சற்று வளைவாகக் கடைந்திருந்தால் அச்சு இன்னும் பல வருடம் உழைத்திருக்கும். வளைவாகக் கடைவதற்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. கடையாமல் விட்டதற்கு ஆன செலவு ஓர் இரவின் கொழுந்து, புதிய அச்சு, வேலை நின்றுபோன நாட்கள். இந்த இரண்டு செலவுகளுக்கும் இடையிலுள்ள தூரத்திலிருந்துதான் திரவிய விஞ்ஞானியின் சம்பளம் வருகிறது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுத்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, "அதைப் படிச்சா எவ்வளவு சார் கிடைக்கும்?" என்று கேட்டுவரும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

திரவியம் என்ற சொல்லுக்குத் தமிழில் பொருள் என்றும் செல்வம் என்றும் இரண்டு கருத்துகள் உண்டு. இந்தப் படிப்புக்கு இரண்டுமே பொருந்தும். ஒரு பொருள் எவ்வாறு செய்யப்பட்டது, அதன் உள்ளே அணுக்களும் பளிங்குகளும் எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கின்றன, அதனால் அதற்கு என்ன குணங்கள் வருகின்றன, பயன்பாட்டில் அது எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கிறது என்ற நான்கையும் ஒன்றோடொன்று தொடுத்துப் பார்ப்பதே திரவிய விஞ்ஞானம். கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லர் இரும்பைச் செக்கச் சிவக்கக் காய்ச்சும்போது, ஏறத்தாழ 730 பாகை செல்சியசுக்கு மேல், இரும்பணுக்களின் அடுக்கு மாறி, கரி அணுக்கள் அதற்குள் கரைந்துகொள்கின்றன. சட்டென்று தண்ணீரில் தோய்த்ததும் கரி வெளியேற நேரமின்றி உள்ளேயே அகப்பட்டு, அடுக்கு இறுகிப்போகிறது. அந்த நிலையில் கத்தி மிகக் கடினமாக இருந்தாலும் தேயிலை வாதில் பட்டதும் கண்ணாடிபோல் தெறித்துவிடும். ஆகவே அவர் அதை மீண்டும் மெல்லச் சூடாக்கி, அலகில் வைக்கோல் மஞ்சள் நிறம் படரும் தருணத்தில் நிறுத்துகிறார். கடினத்தில் சிறிதளவை விட்டுக்கொடுத்து உறுதியை வாங்கும் பேரம் அது. நிறத்தைக் கண்ணால் பார்த்து அவர் செய்வதை, நாங்கள் வெப்பமானியையும் நுணுக்குக்காட்டியையும் கொண்டு, ஆயிரம் கத்திகளுக்கும் ஒரே மாதிரி வரும்படி செய்கிறோம்.

உலோகம் இதில் ஒரு பகுதி மாத்திரமே. மட்பாண்டமும் பீங்கானும், இறப்பரும் பிளாஸ்டிக்கும், கணினிச் சில்லுகளில் உள்ள குறைகடத்திகளும், மின்கலங்களின் உள்ளே இருக்கும் பொருட்களும் இந்த விஞ்ஞானத்துக்குள் அடங்கும். நம்மூரிலேயே பார்ப்பதானால், மாத்தளை பக்கம் ஓவலவில், பீங்கான் செய்யப் பயன்படும் பெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் கிடைக்கிறது. மாத்தளையில் நொரிட்டாக்கே பீங்கான் தொழிற்சாலை 1970களிலிருந்து ஏற்றுமதிக்குத் தட்டும் கோப்பையும் செய்துவருகிறது. பீங்கான் கோப்பையின் பளபளப்புப் பூச்சில் சிலவேளை சிலந்தி வலைபோல் மெல்லிய வெடிப்புகள் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். சூளையிலிருந்து எடுத்த கோப்பை ஆறும்போது, உள்ளே இருக்கும் மண்ணைவிடப் பூச்சு அதிகமாகச் சுருங்கினால் அது இழுபட்டு வெடிக்கிறது. பூச்சின் கலவையில் சிலிக்காவின் பங்கைச் சற்றே மாற்றினால் இந்தக் குறை நீங்கும். எதை, எவ்வளவு மாற்றுவது என்று சொல்லத் தெரிந்தவருக்குத் தொழிற்சாலையில் ஒரு மேசை உண்டு.

இனிப் பணத்துக்கு வருவோம். சம்பளத்தைத் தீர்மானிப்பது பட்டத்தின் பெயரைவிட, நீங்கள் எந்தத் தொழிலின் எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்பதே. இதை இரத்தினக்கல்லைக் கொண்டு விளக்குவது எளிது. இரத்தினபுரியிலும், எலஹெரவிலும், நமது பொகவந்தலாவைப் பக்கத்திலும் கிடைக்கும் குருந்தம் என்னும் கனிமக் கற்களில், பால் கலந்தாற்போல் மங்கலாக இருக்கும் ஒரு வகைக்குக் கெவுடா என்று பெயர். நீண்ட காலமாக அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிவு விலைக்கு வாங்கிச் சென்று, 1,500 பாகை செல்சியசுக்கும் அதிகமான வெப்பத்தில் சூடாக்கி, நீலக்கல்லாக விற்றார்கள். கல்லை மங்கலாக்கியது உள்ளே ஊசிபோல் படிந்திருந்த ரூட்டைல் என்ற டைட்டேனியம் ஒட்சைட்டு; உயர்ந்த வெப்பத்தில் அது கல்லினுள்ளேயே கரைந்து, அங்கிருக்கும் இரும்போடு சேர்ந்து நீல நிறத்தைத் தருகிறது. கல் அதே கல்தான். அதைத் தோண்டியவருக்குக் கிடைத்த காசும், சூட்டைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவருக்குக் கிடைத்த காசும் வேறு வேறு.

இலங்கையின் மற்றக் கனிமங்களுக்கும் கதை பெரும்பாலும் இதுவே. போகலவிலும் கஹட்டகஹவிலும் தோண்டி எடுக்கப்படும் காரீயம், அதாவது பென்சிலில் இருக்கும் கிராஃபைட், பாறைப் பிளவுகளில் நரம்புபோல் ஓடும் வகையைச் சேர்ந்தது. உலகச் சந்தைக்கு இந்த வகை இலங்கையிலிருந்தே வருகிறது, அதன் தூய்மையும் மிக அதிகம். புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைட்டும் ரூட்டைலும் சிர்க்கோனும் உள்ளன. காரீயம் மின்கலத்தின் எதிர்மின்வாயாக மாறுவதும் இல்மனைட்டு வெள்ளைச் சாயமாக மாறுவதும் பெரும்பாலும் வேறு நாடுகளில் நடப்பதால், அந்த மாற்றத்தைச் செய்பவரின் சம்பளமும் அங்கேயே கொடுக்கப்படுகிறது. இங்கே திரவிய விஞ்ஞானிக்கு வேலை குறைவு என்று சொல்பவர்கள் உண்மையில் இதைத்தான் சொல்கிறார்கள்.

அமெரிக்கத் தொழிற் புள்ளிவிபரப் பணியகம் 2023 மே மாத நிலவரமாக வெளியிட்ட கணக்கின்படி, அந்நாட்டில் திரவிய விஞ்ஞானிகளின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 106,160 டொலர். இரசாயனவியலாளர்களுக்கு அது 84,680 டொலர். இடைநிலை என்பதைச் சராசரி என்று எண்ணிவிடக்கூடாது. அந்தத் தொழிலில் உள்ள அனைவரையும் சம்பளத்தின்படி சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக நிறுத்தினால், சரியாக நடுவில் நிற்பவர் பெறும் தொகையே இடைநிலை. பாதிப்பேர் அதைவிடக் குறைவாகப் பெறுகிறார்கள். ஒரு டொலர் 300 ரூபா என்று பெருக்கினால் மாதத்துக்கு 26 இலட்சம் ரூபாவுக்கு மேல் வரும். அந்தப் பெருக்கலைச் செய்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருந்த மாணவர்களை எனக்குத் தெரியும். வரிசையின் நடுவில் நிற்பவர் பத்துப் பதினைந்து வருட அனுபவம் உள்ளவராக இருக்கலாம், பெரும்பாலும் முதுமாணியோ கலாநிதியோ முடித்தவராக இருப்பார், வரியும் வீட்டு வாடகையும் மருத்துவக் காப்புறுதியும் டொலரிலேயே செலுத்துவார் என்பவற்றை அந்தப் பெருக்கல் சொல்வதில்லை. மேலும் இது மிகச் சிறிய தொழில்; அங்கே இரசாயனவியலாளர்களின் எண்ணிக்கையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினரே திரவிய விஞ்ஞானிகள்.

இலங்கையில் இந்தப் படிப்பை முடித்தவர்கள் போகும் இடங்கள் மூன்று. ஒன்று தொழிற்சாலை: திண்ம டயர், கையுறை, மின்வடம், உருக்குக் கம்பி, பீங்கான், ஓடு, ஆடை. இரண்டாவது பரிசோதனையும் ஆராய்ச்சியும் நடத்தும் அரச நிறுவனங்கள்: கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம், கட்டடப் பொருட்களைச் சோதிப்பதோடு நமக்கு மண்சரிவு எச்சரிக்கையும் விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம். மூன்றாவது பல்கலைக்கழகம். தொழிற்சாலையில் தொடக்கச் சம்பளம் மற்றப் பொறியியலாளர்களுடையதைப் போன்றே இருக்கும். மென்பொருள் படித்த உங்கள் வகுப்புத் தோழர் முதல் நாளிலிருந்தே உங்களைவிட அதிகம் வாங்குவார், அதற்குத் தயாராக இருங்கள். ஐந்தாறு வருடங்களில், ஒரு கலவையின் அல்லது ஒரு சூளையின் முழுப் பொறுப்பும் உங்கள் கையில் வந்தபின், நிலைமை மாறத் தொடங்கும். டயர் தொழிற்சாலையில் இறப்பர்க் கலவை வகுப்பவர் விலகிப்போவதை எந்த முதலாளியும் விரும்புவதில்லை.

அரச சேவையில் சம்பளம் சுற்றுநிருபத்தில் எழுதப்பட்டிருக்கும். 2016ஆம் ஆண்டுச் சம்பளத் திட்டத்தில் பட்டதாரிகள் சேரும் நிறைவேற்றுத் தரத்தின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 47,615 ரூபாவாக இருந்தது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகக் கட்டம் கட்டமாக உயர்த்தியபோது, மேல் தரங்களும் அதற்கேற்பத் திருத்தப்பட்டன. ஆகவே பழைய அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம்.

தனியார் நிறுவனத்தின் நியமனக் கடிதத்தைப் படிப்பதற்கு நமது பெற்றோருக்கே நல்ல பழக்கம் உண்டு, ஏனெனில் சேமலாப நிதி என்றால் என்னவென்று தோட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கணக்குக்காக மாதச் சம்பளம் 150,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஊழியரிடமிருந்து 8 வீதம், அதாவது 12,000 ரூபா கழியும். முதலாளி தன் பங்காக 12 வீதம், 18,000 ரூபா சேர்ப்பார். நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம், 4,500 ரூபா செலுத்துவார். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வரி இல்லை என்பதால், இந்தச் சம்பளத்தில் வருமான வரி கழியாது. ஆனால் ஒரே 150,000 ரூபாவை, அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி, மீதியைச் சேமலாப நிதி கணக்கிடப்படாத கொடுப்பனவுகளாகப் பிரித்து எழுதும் கடிதங்களும் உண்டு. எனக்குக் கிடைத்த முதல் நியமனக் கடிதம் அப்படிப்பட்டதுதான். கையெழுத்திட்டு இரண்டு வருடங்கள் கழித்து, நிதியின் கூற்றைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

இனி, பொறியியலாளர், விஞ்ஞானி என்ற இரண்டு பெயர்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு. இதைத் தெரியாமல் பாதை தெரிவுசெய்து பின்னர் வருந்தியவர்கள் பலர். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் திரவிய விஞ்ஞானத்துக்கும் பொறியியலுக்குமான துறை இருக்கிறது; பொறியியல் பீடத்தில் சேர்ந்து, தொடக்கப் பொதுப்படிப்பின் பெறுபேற்றைக் கொண்டு அதனுள் செல்லலாம். நான்கு வருடப் படிப்பு அது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றதால், அந்த நிறுவகம் அங்கீகரித்த பொறியியல் பட்டத்தை அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரித்தானியா போன்ற நாடுகளின் பொறியியல் அமைப்புகளும் சமமாக ஏற்கின்றன. பௌதிகவியலிலோ இரசாயனவியலிலோ சிறப்புப் பட்டம் பெற்று, பின்னர் முதுமாணியில் திரவிய விஞ்ஞானத்துக்கு வருபவர்களுக்கு இந்த உடன்படிக்கை உதவாது. அவர்களுடைய வழி ஆராய்ச்சி வழி; அதில் பெயரும் சம்பளமும் கலாநிதிப் பட்டத்துக்குப் பின்னரே வரும்.

கலாநிதிப் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டும் என்று நம்மவர்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விஞ்ஞானத் துறைகளில் பெரும்பாலும் பல்கலைக்கழகம்தான் மாணவருக்குப் பணம் கொடுக்கும். பிரித்தானிய ஆராய்ச்சிச் சபைகள் 2025–26 கல்வியாண்டுக்கு நிர்ணயித்த ஆகக் குறைந்த உதவித்தொகை ஆண்டுக்கு 20,780 பவுண். இந்தியாவில் இளநிலை ஆராய்ச்சியாளருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 இந்திய ரூபா. ஒருவர் தனியாகச் சிக்கனமாக வாழ இவை போதும். வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுமா என்பது வேறு கேள்வி, அதுவே மலையகப் பிள்ளைக்கு முக்கியமான கேள்வி. தோட்டத்து நாட்சம்பளத்தில் நடக்கும் ஒரு குடும்பம், நான்கு வருடப் பட்டத்துக்கும் அதன் பின் நான்கைந்து வருடக் கலாநிதிக்கும் காத்திருப்பது லேசான காரியமல்ல. இந்தத் தொழிலில் பணம் பிந்தித்தான் வரும். ஆகவே குடும்பத்துக்கு உடனடி வருமானம் தேவைப்படுபவர் பொறியியல் பட்டத்தோடு தொழிற்சாலைக்குச் சென்று, கைகொடுக்கும் நிலை வந்தபின் மேற்படிப்பை எண்ணுவதே என் கணிப்பில் சரியான ஒழுங்கு. தொழிற்சாலையில் கழித்த இரண்டு வருடங்களை எந்தப் பேராசிரியரும் குறையாக எண்ணுவதில்லை.

உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றையும் தமிழ் மொழியில் கற்பிக்கும் பாடசாலைகள் தோட்டப் பகுதிகளில் குறைவு என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியது. பின்தங்கியவை என்று பட்டியலிடப்பட்டவற்றில் நுவரெலியாவும் பதுளையும் உள்ளன. மொரட்டுவை கிடைக்காவிட்டால் கதவு மூடிவிடுவதில்லை. பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கனிம வளமும் தொழில்நுட்பமும், தென்னை இறப்பர்த் தொழில்நுட்பமும் பட்டப்படிப்புகளாக உள்ளன. பேராதனையில் விஞ்ஞான பீடமும், நானோ விஞ்ஞானத்தில் முதுமாணி நடத்தும் பட்டப்பின் விஞ்ஞான நிறுவகமும் அருகருகே இருக்கின்றன. பல்கலைக்கழகமே கிடைக்காதவர்களுக்கு, இலங்கை இரசாயனவியல் நிறுவகத்தின் நான்கு வருடப் பட்டதாரித் தகைமையும், மொரட்டுவையோடு சேர்ந்த தொழில்நுட்ப நிறுவகத்தின் பல்பகுதியத் (இறப்பர், பிளாஸ்டிக் போன்றவை) தொழில்நுட்ப டிப்ளோமாவும் உண்டு. இறப்பர்த் தொழிற்சாலையில் டிப்ளோமாக்காரர் முன்னேறிச் செல்வது நான் கண்ணால் கண்ட விடயம்.

கண்டி ஹந்தானை வீதியில் இருக்கும் தேசிய அடிப்படை ஆய்வுகள் நிறுவகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மலையகத்தின் நடுவிலேயே இருந்தும் நம் பிள்ளைகளில் பலர் அதன் வாசலைக்கூட அறியார்கள். சாயத்தைக் கொண்டு சூரிய ஒளியை மின்சாரமாக்கும் கலங்களில் திரவம் ஒழுகிப்போவது பெரிய தொல்லையாக இருந்தபோது, அதற்குப் பதிலாகச் செப்பு அயடைட்டு என்னும் திண்மத்தை வைத்துப் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோனும் குழுவினரும் 1995இல் அங்கே செய்த கலம், உலகெங்கும் அத்துறையில் மேற்கோள் காட்டப்படுகிறது. 2008இல் தொடங்கி இப்போது ஹோமாகமையில் இருக்கும் இலங்கை நானோ தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள், எலும்பிலும் பல்லிலும் உள்ள கனிமத்தின் நுண்துகள்களில் யூரியாவை ஒட்டவைத்து, அது மண்ணில் மெதுவாக வெளியேறும்படி செய்த உரத்தைப் பற்றி 2017இல் எழுதினார்கள். மழையில் யூரியா ஓடையோடு போவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் பயனை விளக்கத் தேவையில்லை. இத்தகைய இடங்களில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்பவருக்குச் சம்பளம் சிறியது, பதவியும் பெரும்பாலும் தற்காலிகமானது. அங்கிருந்து எழுதும் ஓர் ஆய்வுக் கட்டுரையும் பேராசிரியர் தரும் சிபாரிசுக் கடிதமுமே வெளிநாட்டுக் கலாநிதி இடத்தைப் பெற்றுத்தரும்.

எதிர்காலத்தில் எந்தக் கிளை பணம் தரும் என்று கேட்டால், மின்கலம், குறைகடத்தி, சூரியக்கலம் என்று எல்லோரும் சொல்வார்கள், அது தவறுமில்லை. அமெரிக்கா 2022இல் சில்லு உற்பத்திக்கும் ஆராய்ச்சிக்குமாகச் சட்டம் இயற்றி 5,000 கோடி டொலருக்கும் அதிகமாக ஒதுக்கியது. ஆனால் அந்த ஆலைகள் இங்கே இல்லை. இங்கேயே இருந்து பிழைக்க எண்ணுபவர் இறப்பர், பீங்கான், துருப்பிடித்தல் ஆகிய மூன்றில் ஒன்றை ஆழமாகக் கற்பது நல்லது. துருப்பிடித்தல் பார்ப்பதற்குக் கவர்ச்சியற்றது. லயத்துத் தகரக் கூரையிலிருந்து துறைமுகப் பாரந்தூக்கி வரை அது ஓய்வதுமில்லை. பற்றவைத்த இணைப்புகளை உடைக்காமலே ஒலியலையாலும் கதிராலும் சோதிக்கும் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றையும் சேர்த்துக்கொண்டால், மத்திய கிழக்கின் எண்ணெய் ஆலைகளிலும் அதற்கு வேலை உண்டு.

நேர்முகப் பரீட்சைக்குப் போகும்போது இறுதியாண்டு ஆய்வறிக்கையோடு, நீங்களே காரணம் கண்டுபிடித்த ஏதாவது ஓர் உடைந்த பொருளையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். பிட்டர் மாமாவிடம் கேட்டு வாங்கிய அந்த அச்சுத் துண்டைத்தான் நான் எடுத்துச் சென்றேன். மேசைக்கு அப்பால் இருந்தவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, வெடிப்பு எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கியது என்று கேட்டார். அடுத்த இருபது நிமிடமும் நாங்கள் வேறெதையும் பேசவில்லை.